அறக்கொட்டியில் பூத்த வெள்ளை

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்க, ஒரு வியாழக்கிழமை, பாப்பாமோட்டையில் ஒரு வயல் வரம்பில் குந்தியிருந்தேன். எதிரே மருந்து தெளிக்கும் கருவியை முதுகில் மாட்டியபடி ஒரு கமக்காரர் நின்றார். அவரைப் பார்த்து, "மருந்து அடிக்காதேங்கோ ஐயா" என்றேன்.

"ஏன் தம்பி?"

நெல் குடலைப் பருவத்தில் நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் கதிர் வெளியே தள்ளும். அடித்தண்டுகளில் அறக்கொட்டி மொய்த்திருந்தது. எள்ளைவிடச் சற்றே பெரிய, மண்ணிறப் பூச்சி அது. தண்டின் சாற்றை உறிஞ்சும். பெருகவிட்டால் வயல் வட்ட வட்டமாக மஞ்சளித்து, நெருப்பு வைத்த இடம்போலக் கருகிவிடும். ஆனால் நான் குந்தியிருந்த மூலையில் பல பூச்சிகள் செத்துக் கிடந்தன. செத்தவற்றின் மேல் வெள்ளையாக, பஞ்சை நுள்ளி ஒட்டியதுபோல ஏதோ பூத்திருந்தது.

"இதைப் பாருங்கோ. இது பூச்சியைக் கொல்லுற பங்கசு, ஒரு வகைப் பூஞ்சணம். இது பரவினா மிச்சத்தையும் இதே முடிச்சுப்போடும். நீங்கள் மருந்தடிச்சா வயலில இருக்கிற சிலந்தியளும் சாகும். பிறகு அறக்கொட்டி முந்தியதைவிடக் கூட வரும்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் ஐயா."

அவர் கருவியைக் கழற்றி வரம்பில் வைத்தார். "உங்கட அப்பாவை எனக்கு இருபது வருசமாத் தெரியும். என்ர நெல்லுக்கு மாறாத் தந்த கருவாட்டில ஒருநாளும் பழசைக் கலந்ததில்லை. நீங்களும் தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல மாட்டியள்" என்றார். பிறகு வாய்க்காலில் முகம் கழுவப் போனார்.

நான் அந்த மூலையில் கிடந்த செத்த பூச்சிகளை நான்கு சின்னப் போத்தல்களில் ஈரப் பஞ்சோடு எடுத்து மூடினேன். அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். பேசாலைக் கடற்கரையில், கருவாடு போடும் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. என்னுடைய ஆய்வு பூச்சிகளைக் கொல்லும் பங்கசுக்களைப் பற்றியது. மன்னார்த் தீவிலும் எதிரே உள்ள பெருநிலத்திலும் எந்தெந்த வகைகள் இருக்கின்றன என்று தேடி எடுத்து, இன்னது இன்னதென்று இனங்காண வேண்டும். பூஞ்சணத்தைப் படிக்கவா இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டுவிடுவார்கள் என்று, வீட்டில் அதை நான் விளக்கிச் சொன்னதேயில்லை.

வேலை பெரும்பாலும் அலைச்சல்தான். மண்ணை அள்ளிப் போத்தலில் இட்டு, தேன்கூட்டு மெழுகைத் தின்னும் புழுக்கள் சிலதை உள்ளே விட்டு மூடி வைப்பேன். அந்த மண்ணில் கொல்லும் பங்கசு இருந்தால் அதன் வித்தி, தூள்போன்ற நுண்ணிய விதை, புழுவின் தோலில் ஒட்டிக்கொள்ளும். தோலைத் துளைத்து உள்ளே போய், உள்ளிருந்தே தின்று, புழு செத்த பிறகு மூட்டுகளின் வழியே வெளியே வரும். வரும்போது நிறத்தோடு வரும். பேசாலைக்குப் பக்கத்துப் பனங்காணியில் உக்கிய குற்றி ஒன்றைப் புரட்டினேன். கீழே காண்டாமிருக வண்டின் புழு ஒன்று சுண்ணக்கட்டிபோல இறுகி, உடம்பு முழுவதும் கரும்பச்சைத் தூளோடு கிடந்தது. அது மெற்றாறைசியம் என்ற பங்கசு. மறிச்சுக்கட்டி என்ற ஊரில் எடுத்த காட்டோரத்து மண், புழுவுக்கு மெல்லிய ஊதா நிறத்தைக் கொடுத்தது. அங்கே ஆற்றங்கரை நிழலில் ஓர் எறும்பு இலையைக் கடித்தபடியே செத்திருந்தது. அதன் பிடரியிலிருந்து மயிரளவு காம்பு ஒன்று நீண்டிருந்தது. ஒரு வீட்டுக் கொய்யா இலையின் கீழே வெள்ளை ஈக்களின் குஞ்சுகள் ஒவ்வொன்றும் செம்மஞ்சள் பொட்டாக மாறியிருந்தன. சாவு இத்தனை நிறத்தில் வரும் என்று நான் நினைத்ததில்லை.

பச்சையையும் ஊதாவையும் ஓரளவு கண்ணாலேயே ஊகிக்கலாம். வெள்ளைதான் சிக்கல். பொவேரியா என்ற நல்ல கொலைகாரன் வெள்ளை. ஆனால் ஈரத்தில் கிடக்கும் எந்தச் செத்த பூச்சியிலும் வந்து குடியேறுகிற வேறு பூஞ்சணங்களும் வெள்ளைதான். இதைப் பற்றி எங்கள் விரிவுரையாளர் வகுப்பில் ஒரு நாள், "செத்தவீட்டுக்கு வந்த ஆக்களெல்லாம் கொலைகாரரோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன்.

பாப்பாமோட்டையிலிருந்து தீவுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து குந்திக்கொண்டது. பாலத்தைத் தாண்டும்போது மடியிலிருந்த போத்தல்களைப் பார்த்தேன். இந்தப் பூச்சிகள் இந்த வெள்ளையால் செத்தனவா, செத்த பிறகு இந்த வெள்ளை வந்ததா? எனக்குத் தெரியாது. ஆய்வுகூடத்து உருப்பெருக்கியில் பார்க்காமல் தெரிய வழியும் இல்லை. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமைதான் ஆய்வுகூடம் திறக்கும். என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் தன் வயலை அறக்கொட்டிக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அன்று பின்னேரம் விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சிலைட் போட்டுப் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை மிஸ்."

"அப்ப எப்பிடி மருந்தடிக்க வேண்டாமெண்டு சொன்னனீர்?"

"வெள்ளையா இருந்தது மிஸ்."

"என்ர வீட்டுச் சுவரும் வெள்ளைதான். அது பூச்சியைக் கொல்லுமோ?"

"இல்லை மிஸ்."

"இப்பவே அந்த மனுசனுக்கு எடுத்துச் சொல்லும். எனக்கு இன்னும் தெரியாது, அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லும். அதில ஒரு வெக்கமும் இல்லை."

வெட்கம் இருந்தது. வெள்ளி முழுவதும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை, பொங்கலன்று, ஒருவழியாக எடுத்தேன். "சொல்லுங்கோ தம்பி" என்றார் அவர். பின்னால் பானைச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. "பொங்கல் வாழ்த்துச் சொல்ல எடுத்தனான் ஐயா. வீட்டில எல்லாரும் சுகமோ?" என்றேன். சுகம் என்றார். நானும் சுகம் என்றேன். வைத்துவிட்டேன். பிறகு கிணற்றடியில் போய் நின்று வாளியை வெறுமனே இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த நான்கு போத்தல்கள்தான் என் கதி. அவற்றைக் கட்டிலின் கீழே ஒரு மட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். விடிந்ததும் ஒரு தரம், பொழுது சாயும் முன் ஒரு தரம் கைவில்லை என்ற சின்னக் கண்ணாடியால் பார்ப்பேன். வெள்ளை நன்றாகத் தடித்து வந்தது. தடிக்கத் தடிக்கச் சந்தோசமும் பயமும் சேர்ந்தே வளர்ந்தன. செவ்வாய் காலை இதில் ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஞாயிறு. அம்மா தேவாலயத்தின் முதல் பூசைக்குப் போய் வந்துவிட்டார். நான் இரண்டாம் பூசைக்குப் போய்வந்து சேட்டைக் கழற்றும்போது கட்டிலின் கீழே பார்த்தேன். பெட்டி இல்லை.

வெளியே ஓடினேன். கருவாடு காயப்போடும் தட்டியில், திருக்கைத் துண்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைத் துணி விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்திருந்தது. துணியில் என் அறக்கொட்டிகள். நான்கு போத்தல்களும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அம்மா திருக்கையைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, உதை ஏன் எடுத்தனீங்கள்?"

"பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு மோனை. நீ பாத்துப் பாத்துச் சேர்த்த சாமான். பழுதாப் போகப்போகுதெண்டு உப்புத்தண்ணியில அலசி வெயிலில போட்டனான்."

"எல்லாத்தையுமோ?"

"பின்ன? ஒண்டில பூஞ்சணம் இருந்தா மற்றதுக்கும் ஏறுமெல்லோ."

அக்கா படியில் இருந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "ஒவ்வொண்டா விரலால துடைச்சவ. நான் சொன்னன், உந்தப் பூச்சிக்கு இவ்வளவு சேவகம் எதுக்கெண்டு. கேக்கேல்லை" என்றாள்.

"கொஞ்சத்தைக் காத்துக் கொண்டுபோட்டுது" என்றார் அம்மா, மெதுவாக. என் முகத்தைப் பார்த்துவிட்டார். "பிழையோ மோனை?"

எங்கள் கரையில் பிறந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். பூஞ்சணம் பிடித்தால் உப்பு, பிறகு வெயில். அந்த இரண்டும்தான் எங்கள் குடும்பத்தைச் சோறு தின்ன வைத்தவை. அவற்றாலேயே என் வித்திகள் எல்லாம் போய்விட்டன. துணியில் கிடந்தவற்றைக் கைவில்லையால் பார்த்தேன். தேய்த்துக் கழுவிய பாத்திரம்போலச் சுத்தமாக இருந்தன. கோபப்பட வாய் திறந்தேன். வந்தது கோபமாக இல்லை. தட்டியின் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன படிக்கிறேன் என்பதை அம்மாவுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். பாப்பாமோட்டை வயலில் நான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா புரட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், "அப்ப நான் துடைச்சது பூஞ்சணமில்லை, உன்ர சோதினைத் தாளோ" என்றார்.

"சோதினை பறவாயில்லை அம்மா. அவற்ர வயல்தான்."

"அவரெண்டா, எங்களுக்கு நெல்லுத் தாறவரோ?" அம்மாவின் முகம் மாறியது. "அப்ப இஞ்ச நிண்டு என்ன செய்யிறாய்? நாளைக்கே போய் அந்த மனுசனிட்டச் சொல்லு. திரும்ப எடுத்துக்கொண்டு வா. இந்தமுறை நான் அந்த அறைப்பக்கமே வரமாட்டன்." கொஞ்சம் கழித்து, "கருவாட்டில வாற வண்டைக் கொல்லவும் உதில ஒண்டு கிடக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கும். ஆனா தின்னிற சாமானில போட ஏலாது."

"அப்ப என்ன படிப்பு" என்று சொல்லிவிட்டு அக்கா எழும்பி உள்ளே போனாள்.

திங்கள் காலை பாப்பாமோட்டையில் இறங்கியபோது கமக்காரர் வரம்பிலேயே நின்றார். அவர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. நான் வியாழக்கிழமை குந்தியிருந்த மூலை மஞ்சளித்திருந்தது. ஒரு வீட்டு முற்றம் அளவு இருக்கும். அதன் நடுவில் தண்டுகள் காய்ந்து சாய்ந்திருந்தன.

"சனிக்கிழமையே மெல்லிசாத் தெரிஞ்சது" என்றார் அவர். "உங்களுக்கு எடுப்பம் எண்டு நினைக்க, நீங்களே எடுத்தீங்கள். சுகம் மட்டும் விசாரிச்சீங்கள். ஏதும் கரைச்சலெண்டாப் பிள்ளை சொல்லியிருக்குமெண்டு பேசாமல் விட்டிட்டன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வயல்காரர் தன் வரம்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன டொக்டர், அறக்கொட்டிக்கு மருந்துச் சீட்டு எழுதியாச்சோ?" என்றார். பிறகு கமக்காரரைப் பார்த்து, "கடல்காரற்ர பிள்ளையிட்டக் கேட்டு வயல் செய்யிறீர். நாளைக்கு நான் பேசாலைக்குப் போய் இவற்ர தேப்பனுக்குப் பிஞ்ச வலை பொத்திக் குடுக்கிறன்" என்றார்.

கமக்காரர் சிரிக்கவில்லை. பக்கத்து வயல்காரர் தானே சிரித்தார். எனக்கு வேறொன்று தட்டுப்பட்டது. அவருடைய வயலின் ஓரத்தில் மருந்து மணத்தது.

"அண்ணை, நீங்கள் எப்ப மருந்தடிச்சனீங்கள்?"

"போன செவ்வாய். வாடைக்காத்து நல்லா அடிச்ச நேரம். அரைவாசி இவற்ர பக்கம்தான் போயிருக்கும். அதுக்கு ஒரு நன்றிகூட இவர் இன்னும் சொல்லேல்லை."

செவ்வாய் மருந்து. காற்றில் மருந்து வந்து விழுந்த மூலை. வியாழன் நான் கண்ட செத்த பூச்சிகள். இரண்டு நாளில் ஈரத்தில் கிடந்த பிணங்களில் பூத்த வெள்ளை. சிலந்திகளும் அந்த மருந்தில் செத்துப்போக, தப்பிய அறக்கொட்டி அங்கே பெருகியிருக்கிறது. பக்கத்தில் மருந்து அடித்தார்களா என்று நான் அன்று கேட்கவேயில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதைவிட வெட்கம் இன்னொன்று. அந்த மூலையில் மட்டும் நான் பார்த்ததற்குக் காரணம், எனக்கு வயலுக்குள் நடக்கத் தெரியாது. கழுத்தளவு கடலில் நிற்கத் தெரியும். சேற்றில் நெல்லை மிதிக்காமல் கால் எடுத்து வைக்கத் தெரியாது. வரம்பிலிருந்து கைக்கு எட்டியதைப் பொறுக்கிக்கொண்டு, முழு வயலுக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

சப்பாத்தைக் கழற்றினேன். "நடுவுக்குப் போகோணும் ஐயா. எப்பிடிப் போறது?"

"நான் கால் வைச்ச இடத்தில வையுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

நடுவில் நெல் இன்னும் பச்சையாக நின்றது. அவர் தண்டுகளை இரு கையாலும் வகுந்து பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். அறக்கொட்டி இருந்தது. உயிரோடு நகர்பவையும் இருந்தன. சில செத்து, விழாமல் தண்டோடு ஒட்டியபடியே இருந்தன. அவற்றின் கால் மூட்டுகளிலும் கழுத்திலும் வெள்ளை. இங்கே மருந்து வந்து விழுந்திருக்க இடமில்லை. இது அதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"இப்ப என்ன சொல்லுறியள் தம்பி?"

"தெரியேல்லை ஐயா."

"வியாழக்கிழமை சொன்னது?"

"அண்டைக்கும் தெரியாது. தெரியுமெண்டு சொல்லிப்போட்டன். சனிக்கிழமை அதைச் சொல்லத்தான் எடுத்தனான். வாய் வரேல்லை."

அவர் தண்டுகளை விட்டார். அவை ஒன்றோடொன்று உரசிச் சேர்ந்தன. தண்ணீரில் ஒரு தவளை பாய்ந்தது. அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, "மூண்டு ஏக்கர். இந்தப் போகம் எனக்கு வேற ஒண்டுமில்லை" என்றார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுப்பியளோ? காலமை போய் உருப்பெருக்கியில பாத்திட்டு, என்ன இருக்கோ அதை அப்பிடியே சொல்லுறன்."

"பன்ரண்டு மணி" என்றார். "அதுக்குப் பிறகு நான் முழுசுக்கும் அடிச்சுப்போடுவன். உங்களைக் கேக்க மாட்டன்."

மூலையில் செத்தவற்றை ஒரு போத்தலில் எடுத்தேன். நடுவில் செத்தவற்றை இன்னொன்றில். ஒவ்வொன்றிலும் எங்கே எடுத்தது என்று எழுதினேன். நடுவில் உயிரோடு இருந்தவற்றை நெல் தண்டோடு நீளமான குழாய்களில் விட்டுப் பஞ்சால் அடைத்தேன். அன்று வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே பஸ் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

செவ்வாய். ஆய்வுகூடம் ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும். திறப்பு வைத்திருந்தவர் ஒன்பதேமுக்காலுக்கு வந்தார்.

முதலில் மூலை. நீலச் சாயத்தில் ஒரு துளி வைத்து மூடிப் பார்த்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. நீல நீரில் வள்ளங்கள் கிடந்தன. இரண்டு முனையும் மேலே வளைந்த, குறுக்கே தட்டுப் போட்ட வள்ளங்கள். பியூசேரியம் என்ற பூஞ்சணத்தின் வித்திகள். வள்ளம் எப்படி இருக்கும் என்று எனக்கு எவரும் காட்டித்தரத் தேவையில்லை. பியூசேரியத்திலும் பூச்சியைக் கொல்பவை சில உண்டு என்று படித்திருந்தேன். ஆனால் மருந்து விழுந்த மூலையில், செத்து இரண்டு நாளில் வந்ததை வைத்துக்கொண்டு அப்படி ஒரு சாட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது செத்தவீட்டுக்கு வந்தது.

பிறகு நடு. முதல் சிலைட் முழுவதும் காற்றுக் குமிழ். இரண்டாவதில் நூல்கள் மட்டும், வித்தி இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியது. மூன்றாவதில் எடுத்தது அதிகமாகிவிட்டது, ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. நான்காவதை வைக்கும்போது மூடுகண்ணாடி கையிலிருந்து விழுந்து உடைந்தது. விரிவுரையாளர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"கையைத் துடையும்" என்றார். "ஒரு மூட்டிலயிருந்து மட்டும் எடும். ஊசி முனையளவு காணும்."

எடுத்தேன். வைத்தேன். வில்லையை மெல்லத் திருப்பினேன். சின்னச் சின்னக் குடுவைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மெல்லிய இழை இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஓர் உருண்டை. நான் படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த அந்த வளைவு. நான் எழும்பி இடம் விட்டேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். சிலைட்டை நகர்த்தி இன்னொரு இடம் பார்த்தார். மூலைச் சிலைட்டையும் வாங்கிப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "பொவேரியாதான். இரண்டு வெள்ளை. ஒரே வயலில." பிறகு, "பன்ரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கு. இங்க நிண்டு என்ன செய்யிறீர்?"

வெளியே வேப்பமரத்தடியில் நின்று கமக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"ஐயா, மூலையில நான் பாத்தது பிழை. அது மருந்தில செத்ததில வந்த வெறும் பூஞ்சணம். அது ஒண்டையும் கொல்லாது. நடுவில இருக்கிறதுதான் கொல்லுறது."

"நீங்கள் வியாழக்கிழமை பாக்காத இடத்தில."

"ஓம் ஐயா."

"அப்ப நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரியோ பிழையோ?"

"பாத்துச் சொன்னது பிழை. பாக்காமல் விட்ட இடத்தில சரியாப் போச்சு. அது என்ர கெட்டித்தனமில்லை."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா தெரியவில்லை. "மூலைக்கு அடிக்கட்டோ?"

"மூலைக்கும் அதைச் சுத்தியும் அடியுங்கோ. காத்து இல்லாத நேரம் பாத்து அடியுங்கோ. நடுவை விடுங்கோ. ஆனா ஐயா, ஒண்டு சொல்லோணும். நடுவிலயும் அது எல்லாப் பூச்சியையும் பிடிக்குமெண்டு என்னால சொல்ல ஏலாது. உயிரோட கொண்டுவந்தது குழாயில இருக்கு. அதுகளும் சாகுதோ எண்டு பாத்தால்தான் தெரியும். அஞ்சாறு நாள் செல்லும்."



"சரி" என்றார். "நேற்றுத் தெரியாதெண்டு சொன்னீங்கள்தானே. அதால இண்டைக்குக் கேக்கிறன். ஆனா விடிய விடிய வந்து பாப்பன். மஞ்சள் தெரிஞ்சா அடிச்சுப்போடுவன்."

"ஓம் ஐயா. அடியுங்கோ."

அந்த வாரம் நான் குழாய்களோடு வாழ்ந்தேன். புதன் எல்லாம் உயிரோடு இருந்தன. வியாழனும் அப்படித்தான். தண்டில் ஏறி இறங்கி, என்னைப் பார்க்காமல் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காலையும் கமக்காரரின் தொலைபேசி வரும். அவர் "பச்சையாத்தான் கிடக்கு" என்பார். நான் "இன்னும் சாகேல்லை" என்பேன். வெள்ளி காலை ஒரு குழாயில் இரண்டு அசையாமல் ஒட்டியிருந்தன. நான் குழாயைத் தட்டினேன். அசையவில்லை. சனி பின்னேரத்துக்குள் அரைவாசிக்கு மேல் செத்துவிட்டன. திங்கள் காலை அவற்றின் மூட்டுகளில் வெள்ளை நுனி தள்ளியது. ஒரு குழாயில் மட்டும் எல்லாம் உயிரோடு இருந்தன. அதையும் கமக்காரருக்குச் சொன்னேன். "ஒரு குழாயில தப்பியிட்டுதோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஓம் என்றேன். பயத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன். மூலை போய்விட்டது. அங்கே இனி ஒரு மணி நெல்லும் வராது. காய்ந்த தாள் கறுத்துக் கிடந்தது. நடுவில் கதிர் தள்ளியிருந்தது. சப்பாத்தை வரம்பில் விட்டுவிட்டு, அவருடைய அடிகளில் கால் வைத்து நடந்தேன். இடையில் ஒரு தரம் நெல்லை மிதித்தேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே நடந்தார். நடுவில் தண்டுகளை வகுந்து பார்த்தபோது வெள்ளை பரவியிருந்தது. உயிரோடு இருந்தவை குறைந்திருந்தன. குறைந்திருந்தன, முடிந்துவிடவில்லை. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது.

திரும்பி வரும்போது பக்கத்து வயல்காரர் கூப்பிட்டார். இந்தமுறை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கவில்லை. தன் வரம்பில் குந்தியிருந்தார்.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வந்து பாரும். மருந்தடிச்சு மூண்டு கிழமை ஆகேல்லை, திரும்ப வந்திட்டுது. முந்தியதைவிடக் கூட."

நான் அவர் வயலுக்குள் இறங்கினேன். அவரே முன்னால் நடந்தார். தண்டின் அடியில் அறக்கொட்டி திரள் திரளாக இருந்தது. அவற்றுக்கு நடுவில், தேடித் தேடிப் பார்த்தபோது, செத்த ஒன்று இரண்டில் வெள்ளை தெரிந்தது.

"அந்த வெள்ளை எனக்கும் வந்திட்டுதோ?" அவருடைய குரல் வேறாக இருந்தது. "நான் விடட்டோ, அடிக்கட்டோ?"

கமக்காரர் வரம்பிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை மூட்டிலிருந்துதான் வந்ததுபோல இருந்தது. பூச்சி தண்டோடு ஒட்டித்தான் இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான் என்று என் மனம் சொன்னது. போத்தலை எடுத்து மூடியைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியேல்லை அண்ணை. கொண்டுபோய்ப் பாத்திட்டுத் திங்கட்கிழமை பத்து மணிக்குச் சொல்லுறன்."

"பாத்தாத் தெரியாதோ? இவ்வளவு படிச்சனீர். இப்பவே ஒண்டைச் சொல்லும்."

"இல்லை அண்ணை. திங்கட்கிழமை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, நான் எடுப்பதற்கு வசதியாகத் தண்டுகளை இரு கையாலும் வகுந்து பிடித்தார்.